எட்டு ஞாயிறுகளில் ஒரு ஸ்டூல்: மரவேலைக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோவையில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஞாயிறு காலைகளில் கூடுகிறோம். எங்கள் குழுவில் யார் சேர்ந்தாலும் முதல் வேலை இந்த ஸ்டூல்தான். உயரம் 18 அங்குலம், மேல்பலகை 12-க்கு 12, நான்கு நேரான கால்கள், மேலே நான்கு சட்டம், கீழே நான்கு சட்டம். சட்டங்களைக் காலோடு சேர்க்க ஆணி கிடையாது. காலில் உளியால் வெட்டிய நீள்சதுரத் துளை, சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் நாக்கு, இடையில் பசை, அவ்வளவுதான். மொத்தம் 16 துளை, 16 நாக்கு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாலாவது துளையில் கை பழக ஆரம்பித்துவிடும்.

பலர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தடுமாறுவது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அல்ல. வேலையை வரிசை மாற்றிச் செய்வதாலும், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக டேப் வைத்து அளப்பதாலும்தான். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசாரி ஐயா ஒவ்வொரு புதியவரிடமும் சொல்வது இது: "தம்பி, டேப்பை பாக்கெட்ல போடுங்க. வெட்டுன கட்டையையே வெச்சு அடுத்ததுக்குக் கோடு போடுங்க." கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

அளவுகளை அங்குலத்திலும் நூலிலும் சொல்கிறேன். 8 நூல் 1 அங்குலம். பட்டறையில் 'முக்கால் இன்ச்' என்பதை 6 நூல் என்பார்கள். இந்தக் கணக்கு வாயில் வந்துவிட்டால் பின்னம் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

## 1. முதல் நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

2 நூல் உளி ஒன்று (கடையில் 6 மில்லிமீட்டர் என்று கேளுங்கள்), 6 நூல் உளி ஒன்று, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), நுண்பல் ரம்பம், மூலைமட்டம் (90 டிகிரி பார்க்கும் கருவி), மார்க்கிங் கேஜ் (மரத்தின் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) இரண்டு, கூரான கத்தி, பென்சில், இருபக்க ஆயில் ஸ்டோன். இழைப்புளியும் கிளாம்பும் குழுவில் இருக்கின்றன. சேர்ந்த மாதமே வாங்கத் தேவையில்லை.

மார்க்கிங் கேஜ் ஏன் இரண்டு? காலுக்கு ஓர் அளவு, சட்டத்துக்கு ஓர் அளவு. ஒன்றையே மாற்றி மாற்றி வைத்தால் இரண்டாவது முறை அதே இடத்துக்கு அது திரும்பி வராது. இரண்டிலும் அளவைப் பூட்டிவிட்டு வேலை முடியும்வரை தொடாமல் இருப்பதே நல்லது.

செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். உளி விழும்போது முனைதான் கீழே வரும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் எரிச்சல் தரும், அதனால் முகக்கவசம் அவசியம். துப்பட்டா, தொங்கும் கைச்சட்டை இருந்தால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

## 2. முதல் ஞாயிறு முழுக்கத் தீட்டுவது

அன்று மரத்தையே தொட மாட்டோம். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மொட்டை உளியோடு தொடங்கியவர்களுக்கு நாலாவது வாரம் வேலையே வெறுத்துப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மொட்டை உளி மரத்தை அறுக்காது, நசுக்கும். நசுங்கிய துளையின் சுவரில் பசை சரியாகப் பிடிக்காது. மொட்டை உளிக்குக் கூடுதல் பலம் தேவைப்படுவதால், வழுக்கினால் காயமும் ஆழமாகவே விழும்.

முதலில் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் படுக்கவைத்து, முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை சமமாகப் பளபளக்கும்வரை தேயுங்கள். புதிய உளியின் முதுகு பார்க்கத் தட்டையாக இருக்கும், கல்லில் வைத்தால்தான் நடுவில் பள்ளம் தெரியும். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பை விட்டுவிட்டு இன்னொன்றை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது.

அப்புறம் சாய்வுப் பக்கம். கடையிலிருந்து வரும் சாய்வு பெரும்பாலும் 25 டிகிரி. கொஞ்சம் தூக்கிப் பிடித்து 30 டிகிரியில் முனையை மட்டும் தீட்டினால் போதும். கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் தொடங்கி, முதுகுப் பக்கம் விரலை வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை போகலாம். பிசிறு முனை முழுக்க வந்திருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தால் இன்னும் தீட்டுங்கள். பிறகு நைஸ் பக்கத்தில் இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு விழுந்துவிடும்.

மென்மையான மரத்துண்டின் வெட்டுமுகத்தில், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முனையில், கையால் தள்ளிப் பாருங்கள். பிய்த்துக்கொண்டு வராமல் வழவழப்பாகச் சீவினால் உளி தயார். விரல் நுனியில் கூர் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

கல்லின் நடுவிலேயே தேய்ப்பது எல்லாரும் செய்யும் தவறு. கல் குழிந்துவிட்டால் அடுத்தவரின் உளி முதுகும் கெடும். குழுவின் கல் என்பதால் முழு நீளத்தையும் அகலத்தையும் பயன்படுத்துங்கள்.

## 3. மரம் வாங்குவது

பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்குக் கதவு நிலையோ ஜன்னல் சட்டமோதான் எங்கள் தேர்வு. பல வருடம் வீட்டில் இருந்து காய்ந்த மரம் என்பதால் வெட்டிய பிறகு முறுக்கிக்கொள்வது குறைவு. புதிதாக அறுத்த பச்சை மரத்தில் முதல் ஸ்டூல் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் இறுக்கமாகப் பொருந்திய நாக்கு, சித்திரை வெயிலில் துளைக்குள் ஆட ஆரம்பிக்கும்.

வேம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அதன் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று எதிரும் புதிருமாகப் பின்னியிருக்கும். எந்தப் பக்கம் இழைத்தாலும் ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கிங் பெட்டியின் பைன் மரமும் நல்லதுதான். இறக்குமதிப் பெட்டியில் சுட்டுப் பதித்த முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு வாயு பட்டது, அதைத் தொட வேண்டாம்.

மரக்கடையில் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். இந்த ஸ்டூலின் துண்டுகளை இழைப்புக் கழிவோடு கூட்டினால் கன அடியில் மூன்றில் ஒரு பங்கு வரும். கணு, வெடிப்பு, ஆணித்துளை எல்லாம் தள்ளுபடி ஆகும் என்பதால் அரை கன அடி வாங்குங்கள்.

வாங்கியதும் காந்தத்தை மரம் முழுக்க நகர்த்தி ஆணி தேடுங்கள். பெயின்ட்டுக்குள் தலை முறிந்த ஆணி ஒளிந்திருக்கும். மர அறுவை மில்லில் ஆணியோடு கொடுத்தால் அவர்கள் பிளேடு போகும், அடுத்த முறை நம் மரத்தை வாங்கவே மாட்டார்கள். ஆணி பிடுங்கிய மரத்தைத்தான் மில்லுக்கு எடுத்துப் போக வேண்டும்.

மில்லில் அறுத்து வாங்க வேண்டிய அளவு:

கால் 4: 1¾-க்கு 1¾ அங்குலம், நீளம் 18½
மேல்சட்டம் 4: அகலம் 2¾, தடிமன் 1, நீளம் 10
கீழ்ச்சட்டம் 4: அகலம் 1¾, தடிமன் 1, நீளம் 10
பலகை 3: அகலம் 4¼, தடிமன் 1, நீளம் 13

## 4. முகமும் விளிம்பும்

இரண்டாவது ஞாயிறு இழைப்பு. ஒவ்வொரு துண்டிலும் முதலில் ஒரே ஒரு பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அதுதான் முகம். முகத்துக்கு மூலைமட்டத்தில் சரியாக 90 டிகிரி வருமாறு அடுத்த பக்கத்தை இழையுங்கள். அது விளிம்பு. இரண்டிலும் பென்சிலால் குறி போடுங்கள். இனி இந்த ஸ்டூலின் மார்க்கிங் கேஜும் மூலைமட்டமும் இந்த இரண்டு பக்கத்தைத் தவிர வேறெதையும் ஒட்டி நிற்கக் கூடாது. மற்ற இரண்டு பக்கமும் அரை நூல் கோணலாக இருந்தாலும் இணைப்புகளுக்குப் பாதகமில்லை.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நேரான குச்சிகள் போதும். மரத்தின் இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொன்று வைத்து, குனிந்து முன் குச்சியின் மேல்விளிம்போடு பின் குச்சியைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரியாவிட்டால் மரம் முறுக்கியிருக்கிறது. உயர்ந்த இரண்டு எதிர்மூலைகளை மட்டும் இழையுங்கள். முழுக்க இழைத்தால் முறுக்கு அப்படியே இருக்கும், மரம் மட்டும் மெலியும்.

நார் எந்தப் பக்கம் மேலேறுகிறது என்று மரத்தின் பக்கவாட்டில் பார்த்து அந்தத் திசையிலேயே தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சர்ரென்று போக வேண்டியது கரகரவென்று போகும். உடனே மரத்தைத் திருப்பிவிடுங்கள்.

இறுதி அளவு: கால் 1½-க்கு 1½ (12 நூல்), சட்டங்களின் தடிமன் 6 நூல், மேல்சட்டத்தின் அகலம் 2½ அங்குலம், கீழ்ச்சட்டத்துக்கு 1½. சட்டங்களையும் கால்களையும் இன்னும் நீளத்துக்கு வெட்டாதீர்கள்.

## 5. மேல்பலகையை இப்போதே ஒட்டிவிடுங்கள்

மேல்பலகை கடைசியில்தானே வரும், கடைசியில் ஒட்டலாம் என்று தோன்றும். அப்படி விட்டவர்கள் எட்டாவது ஞாயிறு பசை காயக் காத்திருந்தார்கள். மூன்றாவது ஞாயிறே ஒட்டிவிட்டால் மற்ற வேலை நடக்கும் வாரங்களில் அது நிதானமாகக் காயும். வளைவதாக இருந்தாலும் அதற்குள் வளைந்து, நாம் இழைத்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

சேரும் இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவது போலச் சேர்த்து, இரண்டு விளிம்பையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி சற்றே சாய்ந்திருந்தாலும் ஒன்றில் வெளிப்பக்கமாகவும் மற்றதில் உட்பக்கமாகவும் அதே சாய்வு விழும். விரித்து வைக்கும்போது ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் விளிம்பை ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, பிறகு ஃபெவிகால் தடவுங்கள். கிளாம்பைக் கை நோக முறுக்க வேண்டாம். இணைப்பு நெடுக முத்து முத்தாகப் பசை வெளிவந்தால் போதும். பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பசை மரத்தின் துளைகளுக்குள் போய், பிறகு எண்ணெய் தடவும்போது வெளிறிய திட்டாக நிற்கும். அரைமணி நேரம் விட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், உளியால் சுரண்டி எடுக்கலாம்.

## 6. கோடு போடுவது

இதற்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். ஸ்டூல் ஆடாமல் நிற்பதும் ஆடுவதும் இந்த மேசையில்தான் முடிவாகிறது.

நான்கு கால்களையும் நிற்கவைத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். குறி போட்ட முகமும் விளிம்பும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் நான்கிலும் சேர்ந்து விழுமாறு பெரிய முக்கோணம் ஒன்று வரையுங்கள். கால்கள் கலைந்தாலும் முக்கோணத்தைச் சேர்த்தால் எது எங்கே என்று தெரிந்துவிடும். உட்பக்கம் பார்க்கும் இரண்டு பக்கங்களில் பெருக்கல் குறி போடுங்கள். துளை வர வேண்டியது அங்கே மட்டும்தான். தவறான பக்கத்தில் துளை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரை ஒவ்வொரு அணியிலும் பார்க்கிறோம்.

அடுத்து நான்கு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து கிளாம்ப் போட்டு, ஒரே மூலைமட்டத்தால் நான்கிலும் சேர்த்துக் கோடு இழுங்கள். காலின் இறுதி நீளம் 17 அங்குலம் 2 நூல். தலைப்பக்கம் ஓர் அங்குலம் மீதியாக விடுங்கள். அதைக் கொம்பு என்போம். துளை போடும்போது தலைப்பக்கம் பிளந்துவிடாமல் காப்பது அந்தக் கொம்புதான். பசை காய்ந்த பிறகே அதை வெட்ட வேண்டும்.

மேல்துளை: தலைக்கோட்டிலிருந்து 6 நூல் விட்டுத் தொடங்கி 1½ அங்குல நீளம். கீழ்த்துளை: தரையிலிருந்து 4¼ அங்குலத்தில் தொடங்கி 1 அங்குல நீளம்.

இனி துளையின் அகலம். 2 நூல் என்று டேப்பில் பார்த்து வைக்காதீர்கள். 6 மில்லிமீட்டர் உளி 2 நூலைவிட ஒரு மயிரிழை குறைவு. காலின் வெளிமுகத்திலிருந்து 3 நூல் தள்ளி முதல் கோட்டைக் கேஜால் இழுத்து, அந்தக் கோட்டில் உளியின் ஓரத்தை வைத்து லேசாகத் தட்டுங்கள். உளியின் மறு ஓரம் பதிந்த இடமே இரண்டாவது கோடு.

சட்டத்தில் நாக்கின் கோடு வெளிமுகத்திலிருந்து 2 நூலில். காலில் 3, சட்டத்தில் 2. இந்த 1 நூல் வித்தியாசத்தால் சட்டம் காலின் முகத்தைவிட ஒரு நூல் உள்வாங்கி நிற்கும். இதில் ஒரு நன்மை. காலும் சட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் சிறு பிசகு கண்ணில் படாது. இப்படி வைத்தாலும் காலின் அடுத்தடுத்த பக்கங்களிலிருந்து வரும் இரண்டு துளைகளும் உள்ளே மோதிக்கொள்ளாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் 12 நூல். பக்கத்துத் துளை வெளிமுகத்திலிருந்து 3 முதல் 5 நூல் வரை இருக்கிறது. அதாவது உட்பக்கத்திலிருந்து 7 நூல் ஆழத்தில்தான் அது தொடங்குகிறது. நம் துளையின் ஆழம் 6½ நூல், நாக்கின் நீளம் 6 நூல். மீதி அரை நூல் இடம் பசைக்கு.

சட்டங்களின் நீளமும் இதே போலத்தான். எட்டுச் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து கிளாம்ப் போட்டு, இரு தோள்களுக்கும் நடுவே 8 அங்குலம் வருமாறு எட்டிலும் ஒரே இழுப்பில் கத்திக்கோடு போடுங்கள். தோள் என்றால் நாக்கு தொடங்கும் இடம். 8 அங்குலம் சரியாக 8 ஆக இருக்க வேண்டியதில்லை. எட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தனித்தனியாக டேப் வைத்து அளந்தால் ஒன்று 8, ஒன்று 8-க்கு அரை நூல் குறைவு என்று வரும். அந்த அரை நூல்தான் கடைசியில் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

## 7. துளை முதலில், நாக்கு அப்புறம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். துளையின் அகலத்தை உளி தீர்மானித்துவிடுகிறது, அதை நாம் நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ முடியாது. நாக்கையோ ஒரு சீவல், இரண்டு சீவல் என்று மெலியவைக்கலாம். மாற்ற முடியாததை முதலில் முடித்துவிட்டு, மாற்றக்கூடியதை அதற்கேற்ப வெட்டுவதுதான் சுலபம்.

காலைக் கிடையாக வைத்து கிளாம்ப் போட்டு, அதன் முனைப்பக்கம் நில்லுங்கள், பக்கவாட்டில் அல்ல. முனையிலிருந்து பார்த்தால்தான் உளி இடமோ வலமோ சாய்வது தெரியும். உளியில் 6½ நூலில் காகித டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் பார்க்க வசதி.

துளையின் எல்லைக் கோட்டில் முதல் அடி வைக்கவே கூடாது. ஒரு நூல் உள்ளே தள்ளித் தொடங்கி, ஒரு நூல் இடைவெளியில் அடித்துக்கொண்டே மறுமுனைக்கு ஒரு நூல் முன்பு வரை போங்கள். திரும்பி வந்து சில்லுகளை நெம்பி எடுங்கள். நெம்பும்போது உளி துளையின் முனையில் அழுந்தும். அங்கே விட்டுவைத்த ஒரு நூல் மரம்தான் நசுங்கும், எல்லைக்கோடு பிழைத்துக்கொள்ளும். முழு ஆழமும் வந்த பிறகு அந்த ஒரு நூலைச் செங்குத்தாக வெட்டி எடுங்கள்.

இரண்டு கையும் எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மரத்தை இடது கையால் பிடித்து வலது கையால் உளியைத் தள்ளுவது வேண்டவே வேண்டாம். மரத்தைப் பிடிக்கத்தான் கிளாம்ப் இருக்கிறது.

16 துளைக்கு இரண்டு ஞாயிறு ஆகும். அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நான்கு துளைக்கும் ஒருமுறை உளியைக் கல்லில் தொட்டுக்கொள்ளுங்கள். தேக்கில் உள்ள மணல்சத்து கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

## 8. நாக்கு

கன்னங்களை, அதாவது நாக்கின் இரு பரந்த பக்கங்களை, முதலில் அறுங்கள். தோளை அப்புறம் அறுக்கலாம். தோளை முதலில் அறுத்து, ரம்பம் ஒரு நூல் ஆழமாகப் போய்விட்டால் நாக்கின் அடியிலேயே காயம் விழுந்துவிடும், ஸ்டூல் முறிவது அங்கேதான். கன்னம் ஏற்கனவே அறுபட்டிருந்தால் ரம்பம் அங்கு சேர்ந்ததுமே கழிவுத்துண்டு தானாக விழுந்து, நிறுத்தச் சொல்லிவிடும்.

ரம்பம் கோட்டின் மேல் ஓடக் கூடாது, கழிவுப் பக்கம் கோட்டை உரசிக்கொண்டு ஓட வேண்டும். கோடு மரத்தில் மிஞ்ச வேண்டும். தோளில் கத்திக்கோட்டை ஒட்டி, கழிவுப் பக்கத்தில் உளியால் சின்னச் சரிவு ஒன்று சீவிக்கொண்டால் ரம்பம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து நேராகப் போகும். பென்சில் கோட்டில் இந்த வசதி கிடைக்காது.

மேல்சட்டத்தின் நாக்கை மேலிருந்து 6 நூலும் கீழிருந்து 2 நூலும் குறைத்து வெட்டுங்கள். கீழ்ச்சட்டத்தில் இருபுறமும் 2 நூல்.

இனிப் பொருத்திப் பார்ப்பது. கையால் அழுத்தினால் பாதிவரை போய், கொட்டாப்புளியின் லேசான தட்டில் மீதியும் போக வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் கால் பிளந்துவிடும். எங்கே இடிக்கிறது என்று தெரிய, கன்னத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்டு உள்ளே விட்டு எடுங்கள். தேய்ந்து பளபளக்கும் இடத்தை மட்டும் சீவுங்கள். தளர்ந்துபோனால் கவலை வேண்டாம். அதே மரத்தின் இழைப்புச் சீவல் ஒன்றைக் கன்னத்தில் பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு மறுபடி பொருத்துங்கள்.

பொருந்தியதுமே காலிலும் சட்டத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள். 1-க்கு 1, 2-க்கு 2. இந்த நாக்கு இனி இந்தத் துளைக்கு மட்டும்தான்.

## 9. பசை தொடும் முன் பிடிப்புத் துளை

இதை மறந்தவர்கள் அதிகம். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் சின்ன மரக்கட்டைகளுக்கான துளைகளைப் பசைக்கு முன்பே போட வேண்டும். கூடாக ஒட்டிய பிறகு உள்ளே உளி பிடிக்க இடமிருக்காது.

ஒவ்வொரு மேல்சட்டத்தின் உள்முகத்திலும் நடுவில், மேல்விளிம்பிலிருந்து 3 நூல் இறங்கி, 2 நூல் அகலத்தில் ஓர் அங்குலம் நீளமாகத் துளை போடுங்கள். ஆழம் 3 நூல் போதும்.

## 10. ஒட்டுவது

முதலில் பசையில்லாமல் முழு ஸ்டூலையும் கூட்டி, கிளாம்ப் போட்டுப் பாருங்கள். தோள்கள் இடைவெளியின்றி உட்காருகின்றனவா, எந்த கிளாம்ப் எங்கே, அதன் அடியில் வைக்கும் மரத்துண்டு எங்கே, எல்லாம் அப்போதே முடிவாகட்டும். பசையைத் தடவிவிட்டு கிளாம்ப் தேடி ஓடக் கூடாது. பங்குனி சித்திரையில் பத்து நிமிடத்துக்குள் பசை ஆடை கட்டிவிடும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒட்டாதீர்கள். இரண்டு கால், நடுவில் ஒரு மேல்சட்டம், ஒரு கீழ்ச்சட்டம். இது ஒரு பக்கம். இதேபோல எதிர்ப்பக்கம். இரண்டும் ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் மீதி நான்கு சட்டங்களால் இரண்டையும் இணையுங்கள். ஒரு தடவைக்கு எட்டு இணைப்புக்கு மேல் கவனிக்க வேண்டியிருக்காது.

பசையைத் துளையின் சுவர்களில் தாராளமாகவும் நாக்கில் மெல்லியதாகவும் தடவுங்கள். நாக்கில் அதிகம் தடவினால் தோளில் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

கிளாம்ப் போட்டதும் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். டேப் வேண்டாம், ஒரு மெல்லிய குச்சியை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வைத்து நகத்தால் அடையாளம் வைத்து, அதையே மற்ற இரு மூலைக்கு மாற்றிப் பாருங்கள். ஒன்று நீளமாக இருந்தால் அந்த நீளமான திசையில் கிளாம்பைச் சற்றே சாய்த்து இறுக்கினால் நேராகும்.

கிளாம்ப் போதவில்லையா? நைலான் கயிற்றை நான்கு காலையும் சுற்றி இரண்டு சுற்று கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு காலின் மூலையில் பதியாமல் இருக்க அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

## 11. ஆட்டம் நீக்குவது

கொம்புகளை வெட்டி, தலைப்பக்கம் நான்கையும் சட்டத்தோடு மட்டமாக இழையுங்கள். பிறகு ஸ்டூலைக் கடப்பாக்கல் மேல் நிறுத்திப் பாருங்கள். சிமென்ட் தரையை நம்ப வேண்டாம்.

லேசாக ஆடினால், நீளமாக இருப்பதுபோலத் தெரியும் காலை வெட்டத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. போன வருடம் எங்களோடு சேர்ந்த ஒரு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு காலில் கொஞ்சம், இன்னொன்றில் கொஞ்சம் என்று வெட்டி, திரும்பக் கொண்டுவந்தபோது ஸ்டூல் 16 அங்குலமாகியிருந்தது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

தூக்கி நிற்கும் காலின் அடியில் ஆட்டம் நிற்கும்வரை காகித மடிப்புகளைச் செருகுங்கள். அரை அங்குல உயரமுள்ள மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அந்தத் துண்டைக் கல்லின் மேல் நகர்த்தி நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோடு எல்லாக் காலிலும் ஒரே உயரத்தில் விழும். காலடியிலிருந்து அரை அங்குலம் போவது அதிகம் என்று நினைத்தால் 2 நூல் உயரத் துண்டை எடுங்கள். நான்கையும் கோட்டில் அறுத்துவிட்டு, அடி ஓரங்களை அரத்தால் சற்று உருட்டிவிடுங்கள். இழுக்கும்போது சில்லு தெறிக்காமல் இருக்கும்.

## 12. பலகையை மாட்டுவதும் எண்ணெயும்

பலகையை 12-க்கு 12 ஆக வெட்டி, 6 நூல் தடிமனுக்கு இழைத்து, ஓரங்களை மழுக்குங்கள். சட்டத்தின் வழியாகப் பலகைக்கு நேராகத் திருகாணி போட்டு இறுக்கிவிடாதீர்கள், பசையும் போடாதீர்கள். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது, ஆனால் அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். 12 அங்குலப் பலகையில் அது ஒரு நூல்வரைகூடப் போகும். அசைய இடமில்லாத பலகை நடுவில் வெடித்துவிடும்.

4 நூல் தடிமனில் நான்கு சிறு கட்டைகள் செய்து, ஒரு முனையில் 2½ நூல் இறக்கி நாக்கு வெட்டுங்கள். நாக்கு சட்டத்தின் துளைக்குள் போகும், உடம்பு பலகையோடு ஓர் அங்குலத் திருகாணியால் பிடிக்கும். துளை 3 நூலில், நாக்கு 2½ நூலில். அந்த அரை நூல் இடைவெளிதான் திருகும்போது பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. பலகையின் நாருக்கு இணையாக ஓடும் இரண்டு சட்டங்களில், கட்டையின் உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் விடுங்கள். நாக்கின் முனையும் துளையின் அடியில் முட்டக் கூடாது. பலகை விரிந்து சுருங்க அந்த இடம் வேண்டும்.

உப்புத்தாள் 120, 180, 220 என்ற வரிசையில், எப்போதும் நாரின் போக்கில். 120-லேயே பென்சில் கோடும் இழைப்புத் தழும்பும் போயிருக்க வேண்டும். 220-க்குப் போன பிறகு அவற்றை எடுக்க முடியாது.

பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் கிடைக்கும். துணியால் மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஒருநாள் இடைவெளியில் மூன்று தடவை தடவலாம்.

எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த ஷெட்டில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள். எங்கள் ஷெட்டில் அந்த வாளி எப்போதும் கதவோரம் இருக்கும்.

ஸ்டூலைத் திருப்பி, பலகையின் அடியில் பென்சிலால் தேதியும் மரத்தின் பெயரும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் காயவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி, நான்கு திருகாணியும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.